ஈயத்தை இறக்கிய ஊசி

போன மாதம் வசந்தா போன் செய்தாள். ஒரு காலத்தில் என் வார்டில் வேலை பழகியவள். இப்போது அவளே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கெல்லாம் மேலாக இருக்கிறாள்.

“அக்கா, ஈயம் ஏறின ஒரு பிள்ளை வந்துச்சு. வெறும் கேப்சூல்தான் குடுத்தாக. ஒரு ஊசிகூட இல்ல. பத்தொன்பது நாள் கோர்ஸ், முடிச்சு வீட்டுக்கு அனுப்பியாச்சு. நீங்க அப்பக் கடலை எண்ணெய் ஊசி போட்டதாச் சொல்வீகளே, அதை எழுதி வையுங்க. எங்க பிள்ளைகளுக்குப் படிக்கக் குடுக்கணும்” என்றாள்.

எனக்கு எண்பது தாண்டிவிட்டது. கை நடுக்கம் இருந்தாலும் நினைவு இன்னும் நடுங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கல்லலுக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் நான். மதுரையில் மூன்றரை வருஷம் நர்ஸ் படிப்பு. படித்து முடித்ததும் காரைக்குடியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. நகரத்தார் குடும்பம் ஒன்று கட்டிக் கொடுத்தது. இருபத்து நான்கு கட்டில், ஓர் எக்ஸ்ரே மெஷின், ஒரு மைக்ராஸ்கோப். பெரிய டாக்டர் பெயர் நாகலிங்கம். ஒல்லியான மனிதர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே கிடையாது.

அவரிடம் ஒரு பழக்கம். ஊசி மருந்தை அலமாரியிலிருந்து எடுத்ததும் அவர் முன்னால் நின்று லேபிளை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஆம்பூலை உடைக்கும் முன் இன்னொரு தடவை படிக்க வேண்டும். நாம் படிக்கும்போது அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். அவசரத்தில் ஒரு சொல்லை விழுங்கினால் கண்ணைத் திறக்காமலே, “மறுபடி படிங்க சிஸ்டர்” என்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது அவமானமாக இருந்தது. நான் என்ன இரண்டாம் வகுப்புப் பிள்ளையா என்று தோன்றும். ஆறு மாதத்தில் அவர் இல்லாத நேரத்திலும் என் வாய் தானாகப் படிக்க ஆரம்பித்துவிட்டது.

உலோக விஷத்துக்கான மருந்தை முதலில் அங்கேதான் பார்த்தேன். நெற்குப்பை என்ற ஊரிலிருந்து விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரியைக் கட்டை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். எலிக்குப் பாஷாணம் தடவி வைத்திருந்த வடையை, வீட்டில் தனக்காக எடுத்து வைத்தது என்று நினைத்துத் தின்றுவிட்டார். வாந்தியும் பேதியுமாக ஆள் துவண்டு கிடந்தார். டாக்டர் தன் அறையில் பூட்டி வைத்திருந்த ஒரு பெட்டியை எடுத்து வந்தார். அட்டையில் பி.ஏ.எல். என்று மூன்று எழுத்து, அதற்குக் கீழே டைமர்காப்ரால் என்று முழுப்பெயர். எங்கள் வார்டு ஆயா இருளாயி அந்த மூன்று எழுத்தையும் சேர்த்துப் ‘பால் ஊசி’ என்றே கடைசிவரை சொன்னார்.

பாலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கடலை எண்ணெயில் கரைத்த மருந்து. ஆம்பூலை உடைத்ததுமே அழுகிய முட்டையும் பூண்டும் சேர்ந்த நாற்றம் வார்டு முழுக்கப் பரவும். அப்போது எல்லாம் கண்ணாடி சிரிஞ்சு. கொதிக்க வைத்த பிறகு ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் உலர்த்த வேண்டும். தண்ணீர் பட்டால் எண்ணெய் மருந்து கலங்கிவிடும். ஆம்பூலை உள்ளங்கையில் பொத்திக் கொஞ்ச நேரம் சூடாக்கினால்தான் எண்ணெய் இளகி ஊசிக்குள் ஏறும். நீள ஊசி, பிட்டத்துச் சதையில் ஆழமாக, மெதுவாக. வேகமாகத் தள்ளினால் உள்ளே கட்டி விழும். போட்ட கால் மணி நேரத்தில் நோயாளிக்குக் கண்ணில் நீர் கொட்டும், வாயும் தொண்டையும் எரியும், ரத்த அழுத்தம் ஏறும். நாம் பக்கத்திலேயே நிற்க வேண்டும். நாலு மணி நேரம் கழித்து அடுத்த ஊசி. இரண்டு நாளைக்கு இப்படி. பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே பத்து நாள்.

“இது என்ன செய்யுது சார்?” என்று கேட்டேன்.

“நண்டு கொடுக்கால பிடிக்கிறதைப் பார்த்திருக்கீகள்ல? ரத்தத்துல இருக்கற பாஷாணத்தை அப்படிப் பிடிச்சுக்கிட்டுச் சிறுநீர் வழியா வெளியே வந்துரும். பிடிக்காட்டி அது உள்ளயே கெடந்து ஒவ்வொரு உறுப்பா அரிக்கும்” என்றார் டாக்டர்.

அந்தச் சம்சாரி பிழைத்தார். அடுத்த பத்து வருஷம் என்னை எங்கே பார்த்தாலும், “பாஷாணத்தைத் தாங்கிட்டேன் தாயி, உன் ஊசியைத்தான் தாங்க முடியல” என்பார்.

இனி சொல்லப்போவதுதான் வசந்தாவிடம் நான் முழுதாகச் சொல்லாதது.

அறுபதுகளின் தொடக்கம், தை மாதம். காலை ஓ.பி. தொடங்கும் நேரம் ஒரு பெண்ணும் அவள் புருஷனும் நாலு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். பிள்ளையின் பெயர் செல்வி. வலிப்பில் கை கால் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. அம்மா பாக்கியம், செக்காலையில் குடியிருந்து கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் சுட்டுக் கொடுப்பவள். அப்பா செல்லையா, ஒரு கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேபில் அட்டெண்டர். பிள்ளைக்கு இரண்டு மாதமாக வயிற்று வலி, வாந்தி, சோகை. பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மந்திரித்தும் பார்த்திருக்கிறார்கள்.

எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்த இளைய டாக்டர் சுந்தரேசன் மூளைக் காய்ச்சல் என்று சந்தேகப்பட்டு, முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்கத் தயாரானார். நான் தட்டை வைத்துக்கொண்டிருந்தபோது பெரிய டாக்டர் வந்தார். பிள்ளையைப் பார்த்தார். உள்ளங்கையின் வெளுப்பைப் பார்த்தார். அப்புறம் அவர் பார்வை பிள்ளையை விட்டு அம்மாவிடம் போய் நின்றது. பாக்கியம் ஒரு கையால் தன் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீங்க எத்தனை நாளா வயித்து வலியோட இருக்கீக?” என்று கேட்டார்.

“எனக்கென்ன டாக்டரையா, பிள்ளையைப் பாருங்க.”

“பிள்ளையைத்தான் பாக்கேன். கீழ் உதட்டைக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க.”

அவள் ஒன்றும் புரியாமல் இழுத்துக் காட்டினாள். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டது மாதிரி கருநீலமாக ஒரு வரி ஓடியது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். “முதுகு ஊசி வேண்டாம் சுந்தரேசன். மூளை வீங்கியிருக்கும், இப்ப நீரை எடுத்தா ஆபத்து. இது ஈயம்” என்றார்.

பிள்ளையின் ரத்தத்தில் ஒரு துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். சிவப்பு அணுக்களுக்குள் நீலப் பொட்டுகள். முழங்கால் எக்ஸ்ரேயில் எலும்பு வளரும் நுனியில் வெள்ளைப் பட்டை. சந்தேகமே இல்லை. ஆனால் பலகாரம் சுடுகிற வீட்டுக்குள் ஈயம் எப்படி வந்தது?

இழுப்பை நிறுத்த மருந்து கொடுத்து, முதல் பி.ஏ.எல். ஊசியையும் போட்ட பிறகு டாக்டர் என்னிடம், “செல்லையாவோட அவுக வீட்டுக்குப் போய்ட்டு வாங்க சிஸ்டர். எதையும் கேக்காதீக. முதல்ல பாருங்க” என்றார்.

இரண்டு அறை வீடு. பின்கட்டில் பெரிய அடுப்பு, அதன்மேல் இருப்புச் சட்டி. பாத்திரத்துக்கு ஈயம் பூசியிருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் இரும்பும் மண்ணும்தான். தண்ணீர் பொதுக் கிணற்றிலிருந்து. அடுப்போரமாக நாலைந்து சாக்கு மூட்டை இருந்தது. ஒன்றைப் பிரித்தால் உள்ளங்கை அகலத்துக்கு மெல்லிய மரத் தகடுகள், சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பி, எலுமிச்சை பட்ட மாதிரி புளித்த வாடையோடு.

“இது என்ன?” என்று கேட்டேன்.

“பேட்டரிக் கடையில கழிச்சுப் போடுறது. லாரிப் பேட்டரியைப் பிரிச்சா உள்ள தகட்டுக்குத் தகடு நடுவுல மரம் வச்சிருப்பாக. கடைக்கார பாய் சும்மாவே குடுப்பாரு. நல்லா நின்னு எரியும் நர்சம்மா. கானாடுகாத்தான்ல ஒரு கல்யாணத்துக்கு ஆயிரம் அதிரசம் இதுலதான் சுட்டா.”

அடுப்புக்குப் பக்கத்தில் பாத்திரம் துலக்குவதற்காகக் கொட்டாங்கச்சியில் சாம்பல் வைத்திருந்தது. சாம்பலில் சின்ன விரல்களால் தோண்டி எடுத்த தடம் இருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு செல்லையா, “பிள்ளை சாம்பல் திங்கும். அடிச்சாலும் விடாது” என்றார். சொல்லும்போதே அவர் குரல் மாறியது. லேபில் வேலை பார்ப்பவர் அல்லவா. பேட்டரிக்குள் இருப்பது ஈயம் என்று அவருக்குத் தெரியும். அந்த ஈயத்தையும் பிள்ளை தின்கிற சாம்பலையும் அதுவரை அவர் சேர்த்துப் பார்த்ததில்லை.

ஒரு தகடும் ஒரு பிடி சாம்பலும் காகிதத்தில் கட்டிக்கொண்டு வந்தேன். டாக்டர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

பி.ஏ.எல். மட்டும் போதாது என்றார். ஈயத்தைப் பிடிப்பதற்கென்றே இன்னொரு மருந்து இருந்தது. கேஸ் ஷீட்டில் ‘கால்சியம் டைசோடியம் இ.டி.டி.ஏ.’ என்று எழுதினார். எங்களிடம் இல்லை. மதுரைக்கு டிரங்க் கால் போட்டுக் கேட்டதில் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறது என்று தெரிந்தது. டிரைவரை அனுப்பலாமே என்றேன். “வேண்டாம், நானே போய் எடுத்துட்டு வாரேன்” என்று மறுநாள் விடிந்ததும் தன் காரிலேயே கிளம்பிவிட்டார். ஒரு மருந்து வாங்க இவர் ஏன் போக வேண்டும் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அன்று பதினோரு மணிக்கு மேல் செல்விக்கு மறுபடி இழுப்பு வந்தது. மருந்து கொடுத்தும் முழுதாக அடங்கவில்லை. மூச்சு விட்டு விட்டு வந்தது. பாக்கியம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். செல்லையாவைக் காணோம். அரை மணி நேரத்தில் சைக்கிளில் திரும்பி வந்தார். துண்டில் சுற்றிய ஒரு பழுப்பு நிறப் பாட்டிலைச் சுந்தரேசன் டாக்டரிடம் நீட்டினார்.

“சார், பெரிய டாக்டர் இதுக்குத்தானே மதுரைக்குப் போயிருக்காக? இ.டி.டி.ஏ. எங்க லேப்ல அலமாரி நிறைய இருக்கு. சுத்தமான சரக்கு சார்.”

சுந்தரேசன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு இருபத்தாறு வயது இருக்கும். கண் முன்னால் ஒரு பிள்ளை போய்க்கொண்டிருக்கிறது. “அதேதான். கரைச்சு, வடிகட்டி, கொதிக்க வச்சு குளுக்கோஸ்ல சேத்து ஏத்திடலாம். சிஸ்டர், ஏற்பாடு பண்ணுங்க” என்றார்.

பாட்டிலை வாங்கினேன். என்னை அறியாமல் வாய்விட்டுப் படித்தேன். எத்திலீன் டையமின் என்று தொடங்கி நீளமான பெயர். கடைசியில் டைசோடியம் சால்ட். அவ்வளவுதான். கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன்.

“சார், பெரிய டாக்டர் கால்சியம்னு எழுதியிருக்காக. இதுல அந்தச் சொல் இல்ல.”

“அது கூடச் சேர்ந்த உப்பு, சிஸ்டர். வேலை செய்யறது இ.டி.டி.ஏ.தான். நேரமாகுது.”

“எதையாச்சும் போடுங்க நர்சம்மா” என்று கீழேயிருந்து பாக்கியம் சொன்னாள்.

ஒரு டாக்டர் சொன்ன மருந்தை நர்ஸ் தடுப்பது அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். எனக்கு அவரை விட அதிகம் தெரியும் என்றும் நான் நினைக்கவில்லை. ஒரு சொல் குறைகிறது, அது ஏன் குறைகிறது என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. செல்லையாவிடம் திரும்பி, “இதை வச்சு லேப்ல நீங்க என்ன செய்வீக?” என்று கேட்டேன்.

“தண்ணியில எவ்வளவு சுண்ணாம்புச் சத்து இருக்குன்னு பார்ப்போம். கிணத்துத் தண்ணியில சாயம் போட்டா ஒயின் மாதிரி செவப்பா இருக்கும். இதைக் கரைச்சு சொட்டுச் சொட்டா விட்டா சுண்ணாம்பைப் பூராம் பிடிச்சுக்கிடும். பிடிச்சு முடிஞ்சதும் தண்ணி நீலமா மாறிரும்.”

“பூராத்தையுமா?”

“துளிகூட விடாது.”

பிரசவ வார்டில் ஒரு பெண்ணை நான் பார்த்திருந்தேன். ரத்தத்தில் கால்சியம் இறங்கிப்போய் இரண்டு கையும் கொக்கி மாதிரி வளைந்துகொண்டு, மூச்சுக்குழல் இறுகிக் கிடந்தாள். கால்சியம் ஊசி போட்ட பிறகுதான் விரல்கள் விரிந்தன. சுண்ணாம்புச் சத்து என்று செல்லையா சொன்னதும் அந்தக் கைகள் ஞாபகத்துக்கு வந்தன.

“சார், ரத்தத்துலயும் கால்சியம் இருக்கே. இது அதைப் பிடிக்காதா?” என்றேன்.

சுந்தரேசன் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நேராகப் பெரிய டாக்டரின் அறைக்குப் போனார். நான் பிள்ளையைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு, வாயில் ஊறிய எச்சிலைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அடுத்த பி.ஏ.எல். ஊசிக்கு நேரமாகிவிட்டது, அதைப் போட்டேன். பத்து நிமிஷம் இருக்கும். தடிமனான ஒரு புத்தகத்துக்குள் விரலை வைத்துக்கொண்டு அவர் திரும்பி வந்தார்.

“இதை ஏத்தியிருந்தா இதயம் நின்னிருக்கும்” என்றார். அப்புறம் மெதுவாக எனக்கு விளக்கினார். “பெரிய டாக்டர் எழுதின மருந்துல கால்சியத்தை முன்கூட்டியே கையில குடுத்து அனுப்புறாங்க. ஈயத்தைப் பார்த்ததும் கால்சியத்தை விட்டுட்டு ஈயத்தைப் பிடிச்சுக்கும். இது வெறுங்கையோட போறது. முதல்ல கிடைக்கிறதைப் பிடிக்கும். முதல்ல கிடைக்கிறது கால்சியம்தான்.”

செல்லையா பாட்டிலைத் திரும்ப வாங்கித் துண்டில் சுற்றப் பார்த்தார். சுந்தரேசன் அதை வாங்கித் தன் மேஜைக்குள் வைத்துப் பூட்டினார்.

நாலு மணிக்குப் பெரிய டாக்டரின் கார் வந்தது. நடந்ததைச் சுந்தரேசனே ஒன்றுவிடாமல் சொன்னார். டாக்டர் என்னைப் பாராட்டவும் இல்லை, அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை. மதுரையிலிருந்து வாங்கி வந்த பெட்டியை என்னிடம் கொடுத்து, “படிங்க” என்றார். படித்தேன். ‘கால்சியம்’ என்ற சொல் வந்தபோது அவர் மூடிய கண்ணோடு ஒரு தடவை தலையசைத்தார். அந்த ஒரு சொல்லைத் தன் கண்ணால் பார்த்து வாங்கத்தான் அவரே மதுரைக்குப் போனார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மூளை வீங்கியிருந்ததால் அதிக நீரை ஏற்றக் கூடாது. அதனால் அந்த மருந்தை மரத்துப்போக வைக்கும் மருந்தோடு கலந்து சதையிலேயே போட்டோம். ஒரு பக்கம் எண்ணெய் ஊசி, மறு பக்கம் இந்த ஊசி. செல்வியின் உடம்பில் ஊசி படாத இடம் குறைந்துகொண்டே வந்தது.

மதுரை மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் காலையில் பிள்ளை கண்ணைத் திறந்து, “தண்ணி” என்றது. பாக்கியம் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. முந்தா நாள் நான் கேட்ட ஒரு கேள்வியால் ஒரு பிள்ளை பிழைத்திருக்கிறது. நான் வார்டில் நடக்கிற நடையே மாறியிருக்கும்.

அன்றைக்குப் பத்து மணிக்கு மிக்ஸர் மருந்து ஊற்றிக் கொடுக்கும் நேரம். எங்கள் வார்டில் வெளுத்திருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் இரும்புச் சத்து மிக்ஸர் கொடுப்பது வழக்கம். அதற்குத் தனியாகச் சீட்டு எழுதுவதில்லை. வரிசையாகக் கட்டில் கட்டிலாகப் போனேன். செல்வி எல்லாப் பிள்ளைகளையும் விட வெளுத்திருந்தாள். இரண்டு ஸ்பூன் ஊற்றினேன்.

அரை மணி நேரத்தில் பிள்ளை வாந்தி எடுத்தது. உடம்பு சில்லிட்டது. நாடி ஓடியது. கால்மாட்டில் நின்று தட்டைப் பார்த்தேன். ஒரு பக்கம் உடைத்த பி.ஏ.எல். ஆம்பூல், இன்னொரு பக்கம் இரும்பு மிக்ஸர் பாட்டில். பெட்டிக்குள் ஒரு துண்டுக் காகிதம் மடித்து வைத்திருப்பார்கள். பாஷாணக் கேசின்போது அதை நான் முழுதாகப் படித்தவள்தான். இந்த மருந்து இரும்பையும் பிடிக்கும், பிடித்தால் அந்தச் சேர்க்கையே நஞ்சாகிச் சிறுநீரகத்தைத் தாக்கும் என்று அதில் இருந்தது. அந்த வரி அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

யாரும் பார்க்கவில்லை. வாந்தி எடுப்பது இந்த நோயில் வழக்கம்தான். நான் பேசாமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. டாக்டரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன்.

“எத்தனை ஸ்பூன்? எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். சொன்னேன். “பதறாம இன்னொரு தடவை மெதுவாச் சொல்லுங்க” என்றார். சொன்னேன். எழுந்து வந்து பிள்ளையைப் பார்த்தார். பி.ஏ.எல்.லை அத்தோடு நிறுத்தி, மதுரை மருந்தை மட்டும் தொடரச் சொன்னார். சிறுநீரை அளந்து அளந்து எழுதச் சொன்னார். பிறகு கேஸ் ஷீட்டை எடுத்துச் சில வரிகள் எழுதி, “படிங்க” என்று என்னிடம் நீட்டினார்.

இரும்பு மருந்து கொடுக்கப்பட்டது, அளவு, நேரம். அதற்கு அடுத்த வரி: ‘இந்த நோயாளிக்கு இரும்பு கூடாது என்று எழுத நான் தவறினேன்.’ கீழே அவர் கையெழுத்து. என் பெயர் எங்குமே இல்லை. வாய்விட்டுப் படித்தேன்.

“தாய்கிட்ட யாராவது சொல்லணும். நீங்க சொல்றீகளா, நான் சொல்லவா?” என்று கேட்டார்.

“நான் சொல்றேன் சார்.”

பாக்கியம் வார்டுக்கு வெளியே குழாயடியில் பிள்ளையின் துணியை அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். நான் கொடுத்த மருந்தால்தான் இப்போது பிள்ளைக்கு இப்படி இருக்கிறது, கொடுக்கக் கூடாததைக் கொடுத்துவிட்டேன் என்றேன். அவள் துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். அறைந்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

“ரெண்டு வருஷமா நானே அந்த அடுப்ப எரிச்சேன் நர்சம்மா” என்றாள். “சாம்பலை அள்ளிக் கொட்டாங்கச்சியில வச்சதும் நான்தேன். உங்களை என்ன சொல்றது? வாங்க, பிள்ளை தனியாக் கெடக்கு.”

அன்று பகல் முழுக்கச் சிறுநீர் சொட்டு சொட்டாகத்தான் வந்தது, அதுவும் கருத்து. மறுநாள் காலை டூட்டிக்கு வந்ததும் முதலில் அளவு ஜாடியைத்தான் பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது. அளவைக் கேஸ் ஷீட்டில் எழுதினேன்.

செல்வி ஐந்து வாரம் எங்களிடம் இருந்தாள். பாக்கியத்துக்கும் அதே மருந்து கொடுத்தோம். அதற்கிடையில் டாக்டர் என்னைக் கூட்டிக்கொண்டு செக்காலை ரோட்டிலிருந்த பேட்டரிக் கடைக்குப் போனார். கடைக்காரர் இபுராகிம் ராவுத்தர் எங்களை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். டாக்டர் விஷயத்தைச் சொன்னதும் அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“நல்லதுன்னு நினைச்சுத்தான் குடுத்தேன் டாக்டர். விறகு விக்கிற விலைக்கு ஏழைப்பட்டதுகளுக்கு ஒதவட்டுமேன்னு” என்றார்.

“தெரியும். யார் யாருக்குக் குடுத்தீக?”

அவர் யோசித்து ஒவ்வொரு பெயராகச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. அந்த வாரமே வீடு வீடாகத் தானே போய் மூட்டைகளைத் திரும்ப வாங்கி, ஊருக்கு வெளியே குழி தோண்டிப் புதைத்தார். ஏழு பெண்களைப் பிள்ளை குட்டியோடு எங்களிடம் அனுப்பி வைத்தார். எட்டாவதாகத் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு அவரே வந்தார். ஈறில் கோடு இருந்தது நாலு பேருக்கு. இழுப்பு வரும் நிலைக்கு யாரும் போகவில்லை.

செல்வி நடந்தே வீட்டுக்குப் போனாள். ஆனால் முழுதாகத் திரும்பி வந்தாள் என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தில் எழுத்து ஏறியது, எண் ஏறவில்லை. முப்பதுக்கு மேல் எண்ணினால் திரும்பவும் இருபதுக்கு வந்துவிடுவாள். நாலாம் வகுப்போடு நின்றுவிட்டாள். அது ஈயத்தின் வேலையா, நான் ஊற்றிய இரண்டு ஸ்பூனின் வேலையா என்று ஒருநாள் டாக்டரிடம் கேட்டேன். “ஈயம்தான்” என்றார். எனக்காகச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்பது தெரியாது. அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை என்பது மட்டும் தெரியும்.

அதன் பிறகும் எத்தனையோ பேருக்கு அந்த ஊசிகளைப் போட்டேன். ஈயத்தில் எழுத்துக் கோக்கும் அச்சகத்துக்காரர் ஒருவர், பஸ்பம் தின்று பாதரசம் ஏறிய ஒரு பெரியவர். எழுபதுகளில் பெனிசிலமின் என்ற கேப்சூல் வந்தது. பெரிய டாக்டர் ஓய்வு பெற்று மகனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். சுந்தரேசன்தான் பெரிய டாக்டர் ஆனார். அவரும் கண்ணை மூடிக்கொண்டு, “படிங்க” என்பார்.

செல்விக்குப் பதினெட்டு வயதில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சொந்தத்தில்தான், சாந்தமான பையன். அவள் ஐந்து மாதக் கர்ப்பமாக இருக்கும்போது பாக்கியம் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மகளை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னைத் தனியாக அழைத்துப்போனாள்.

“உள்ள போனது எல்லாம் வெளிய வந்துருச்சா நர்சம்மா? எலும்புல தங்கும்னு டாக்டரையா ஒருதரம் சொன்னாக. இப்ப இவ வயித்துல இருக்கதுக்கு அது போகுமா?”

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். சுந்தரேசனும் உறுதியாகச் சொல்லத் தயங்கினார். கோயம்புத்தூருக்குக் கடிதம் எழுதினேன். எட்டாம் நாள் கார்டு வந்தது. எலும்பில் தங்கியதில் கொஞ்சம் கர்ப்ப காலத்தில் கரைந்து வரலாம். பாலும் கேழ்வரகும் தாராளமாகக் கொடுக்கவும். உடம்புக்குக் கால்சியம் போதுமான அளவு கிடைத்தால் எலும்பை அவ்வளவாகக் கரைக்காது. மருந்து எதுவும் இப்போது வேண்டாம். பிள்ளை பிறந்த பிறகு அடிக்கடி பார்த்துக்கொள்ளவும். அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

பெண் குழந்தை பிறந்தது. ராணி என்று பெயர் வைத்தார்கள். பாக்கியம் அந்தப் பிள்ளையை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்துவிடுவாள். காய்ச்சல், சளி எதுவும் இருக்காது. “சும்மா பாருங்க” என்பாள். நான் ஈறைப் பார்ப்பேன், உள்ளங்கையைப் பார்ப்பேன், நடக்க விட்டுப் பார்ப்பேன். நாலு வருஷம் இப்படிப் போனது.

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் காலை மூன்று பேருமாக வந்தார்கள். பிள்ளைக்கு முந்தின நாளோடு நாலு வயது முடிந்திருந்தது. வழக்கம்போல எல்லாம் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. ஓ.பி. வராந்தாவில் காத்திருந்தவர்களைச் சுட்டிக்காட்டி ராணி ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். பெஞ்சைத் தாண்டி, வாசலைத் தாண்டி, வேப்ப மரத்தடியில் நின்றவர்கள்வரை எண்ணிக்கொண்டே போனாள். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. செல்வி மகளின் பின்னால் நின்று, அவள் சொல்லச் சொல்ல மெல்லிய குரலில் கூடவே சொல்லிக்கொண்டு வந்தாள்.

பாக்கியம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையை உதறிச் சொருகிக்கொண்டு, “சரி நர்சம்மா, அப்ப நாங்க வாரோம். இனி பிள்ளைக்கு எதும் ஒண்ணுன்னாத்தான் இங்குட்டு வருவேன்” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை.